ரோஜாவுக்கு கவாத்து செய்ய ஆப்பில் ஆள் கூப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று இன்று காலை ஆப்பிலிருந்து மெசேஜ் வந்தது. என்ன தீர்த்தார்கள்? என் 24 ரோஜாத் தொட்டிகளைத்தான் தீர்த்தார்கள். அதுவும் 6,800 ரூபாய் கொடுத்து நானே ஆள் வைத்து. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும் விடு’ என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

திருச்சியில் மொட்டைமாடித் தோட்டம். ஒட்டு ரோஜா 21, மாமியார் காலத்துப் பன்னீர் ரோஜா இரண்டு, எட்வர்டு ரோஜா ஒன்று. வழக்கமாக மழை விட்டதும் டிசம்பரில் நானே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவேன். போன நவம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரிப்பதற்குள் தை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகும் கத்தரியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. செடிகள் நெடுநெடுவென்று ஆளுயரம் வளர்ந்து, நுனியில் மட்டும் பட்டன் அளவுக்குப் பூ. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

“நீ ஏம்மா கஷ்டப்படறே, ஆப்புல ஆள் வராங்க” என்றான் மகன். வீட்டுக்கே தோட்டக்காரரை அனுப்பும் வகை ஆப். பேர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் போடவில்லை. கவாத்து, உரம், அப்புறம் இரண்டு தடவை வந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே.

ஏப்ரல் முதல் வாரம் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும், பனியனில் ஆப்பின் சின்னம், பணிவான பேச்சு. நான் எங்கே ஏமாந்தேன் என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் மாடிக்கு வந்ததும் நேரே பன்னீர் ரோஜாவிடம் போனார். பூவே இல்லை. முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது பன்னீர்தானேம்மா, இப்பல்லாம் யார் வீட்ல இருக்கு” என்றார். அவ்வளவுதான், நான் கவிழ்ந்துவிட்டேன். கீழே போய் மோர் கரைத்து எடுத்து வந்தேன். மாமியார் கதையெல்லாம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

ஒரு கேள்வி கேட்டேன், கேட்காமல் இல்லை. “இந்த வெயில்ல கவாத்து பண்ணலாமா தம்பி? நாங்க மழை முடிஞ்சுதான் பண்ணுவோம்.” அதற்கு, “அது பழைய முறைம்மா. எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்திருக்காங்க, வருஷம் முழுக்கப் பண்ணலாம்” என்றார். ட்ரெயினிங் என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

வெட்ட ஆரம்பித்தார். கத்தரி மொக்கை. ரோஜாத் தண்டை மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். இவர் மென்று துப்பின மாதிரி நார் நாராகப் பிளந்து வைத்தார். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரியைத் துடைக்கவே இல்லை. முழங்கால் உயரத்துக்கு நிறுத்துவார் என்று பார்த்தால், சிலதை மண்ணோடு மண்ணாக நறுக்கினார். “நல்லா இறக்கி வெட்டுனாத்தான் கீழிருந்து கொத்தா வரும்மா.” ஏழு செடிகளில் ஒட்டுக் கட்டின முண்டுக்கும் (காட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் நல்ல ரகத்தை ஒட்டின இடம்) கீழே வெட்டியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குக் கண்ணில் படவில்லை. கீழே மோர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து உரம். பேர் எதுவும் இல்லாத கவரில் வெள்ளைக் குருணை. “ஸ்பெஷல் பூஸ்டர், முழுக்க ஆர்கானிக். மோந்து பாருங்க, வேப்பெண்ணெய் வாசம் வருதில்ல?” வந்தது. காய்ந்து கிடந்த மண்ணில் தொட்டிக்கு ஒரு பிடி போட்டு, மேலாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறாம் நாள் வெட்டுவாய் கறுத்தது. நுனியிலிருந்து கறுப்பு ஒவ்வொரு நாளும் விரல்கடை அளவு கீழே இறங்கியது. அடியில் விட்டு வைத்திருந்த ஒன்றிரண்டு இலைகளும் ஓரம் கருகி, தீப்பட்ட காகிதம் மாதிரி சுருண்டன. அப்போதுதான் சந்தேகம் வந்து, தொட்டியில் கட்டி தட்டிக் கிடந்த குருணையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஜில்லென்றது. அப்பாவோடு வயலுக்குப் போய் வளர்ந்தவளுக்கு அந்த ஜில் தெரியாதா? யூரியா! 2015-லிருந்து நம் நாட்டில் சாதாரண மானிய யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. 45 கிலோ மூட்டையே முந்நூறு ரூபாய்க்குள். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இலையே இல்லாத செடிக்கு, காய்ந்த மண்ணில், ஒரு பிடி. வேர் வெந்துபோகாமல் என்ன செய்யும்?

ஆப்காரர்களுக்குப் போன் போட்டேன். முதல் தடவை பேசிய பெண், “ப்ளான்ட் ஷாக்ல இருக்கு மேடம், பதினைந்து நாள் வெயிட் பண்ணுங்க” என்றார். பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டால் வேறு ஒருவர். முதலிலிருந்து முழுக் கதையையும் சொன்னேன். “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க.” மூன்றாவது ஆள், “தண்ணி கம்மியா ஊத்திட்டீங்க.” உங்களுக்குள்ளேயாவது ஒரு முடிவுக்கு வாருங்களேன் என்றேன், லைன் கட். வந்த ஆளின் நம்பர் கேட்டால், அவர் ‘பார்ட்னர்’தானாம், ஊழியர் இல்லையாம், தர முடியாதாம். இரண்டு தடவை வந்து பார்ப்பதாகச் சொன்னது? ‘விசிட் முடிந்தது’ என்று இரண்டுக்கும் ஆப்பில் டிக் விழுந்திருக்கிறது. யாரும் வாசலை மிதிக்கவில்லை.

போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அதில்தான் உச்சம். ஏழு தொட்டிகளில் பச்சையாகத் துளிர் தெரிகிறது அல்லவா, அதில் சிவப்பு வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பி, “புதிய வளர்ச்சி காணப்படுவதால் சேவை வெற்றிகரமாக முடிந்தது” என்று எழுதி, இன்று காலை மூடிவிட்டார்கள். அது ரோஜா வளர்ச்சியா? ஒட்டு முண்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பின காட்டுத் துளிர்! என் ஒட்டு ரகங்களில் இலைக்கு ஐந்து சிற்றிலை, இதில் ஏழு. எல்லா ரகத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பார்த்தால் போதும். நான் வைத்த ரோஜா அதில் இனி ஒருநாளும் பூக்காது.

கணக்கு இதுதான். ஒன்பது செத்தாச்சு. ஏழு காட்டுச்செடி. ஐந்து கறுத்துக்கொண்டிருக்கிறது. குச்சி நட்டு வளர்ந்ததால் பன்னீரும் எட்வர்டும் மட்டும் சொந்த வேரில் துளிர்க்கின்றன. 6,800 ரூபாய்க்கு இது. ஒரு செடி 150 ரூபாய் என்று வைத்தாலும் 24 செடியும் புதிதாகவே வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பார்க்கலாம்.

ரோஜா கவாத்து பற்றியும் உரம் பற்றியும் விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை வலிக்கிறது, மனசும் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும். நம்ம ஊர் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கவாத்தை முடித்துவிடுங்கள். கோடையில் வாடின பூவைக் கிள்ளுவதோடு நிறுத்துங்கள். ஆள் வைத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், மோர் எல்லாம் அப்புறம். ஒட்டு முண்டு எங்கே என்று அவருக்குக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே கத்தரி போனால் கையைப் பிடியுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பூசச் சொல்லுங்கள். துளிர் விரல் நீளம் வந்த பிறகு, ஈர மண்ணில், மக்கின எருவோ மண்புழு உரமோ போதும். பேர் அச்சடிக்காத கவரில் வரும் எதையும் தொட்டியில் போட விடாதீர்கள். முழுப் பணமும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், 6,800 ரூபாய் கொடுத்தவள் சொல்கிறேன்.

வெயில் தாழ்ந்துவிட்டது. அந்த ஐந்து செடிகளில் கறுப்பு இறங்கின இடத்துக்குக் கீழே வெட்டி மருந்து பூச வேண்டும். மகன் புதுக் கத்தரி வாங்கி அனுப்பியிருக்கிறான், இடது கையால் முயற்சி செய்து பார்க்கிறேன்.