கடைசல் காய்களா, கத்திக் காய்களா? ஸ்டாண்டனும் மங்கோலிய ஷத்தாரும்

போட்டி மேசைகளில் நாம் பார்க்கும் சதுரங்கக் காய்களுக்கு ஸ்டாண்டன் என்று பேர். 1849-இல் லண்டனின் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவத்தைப் பதிவு செய்தவர் நத்தானியல் குக். பேர் மட்டும் அன்றைய பிரபல ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டாண்டனுடையது. மங்கோலியர்களின் சதுரங்கமான ஷத்தாரின் காய்களை இதன் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே குடும்பத்து விளையாட்டு என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

வித்தியாசம் செய்முறையிலேயே தொடங்குகிறது. ஸ்டாண்டனில் குதிரையைத் தவிர எல்லாமே கடைசலில் சுழற்றி எடுக்கிற உருளை வடிவங்கள். அதனால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குதிரைத் தலையை மட்டும் கையால் செதுக்கியாக வேண்டும்; நல்ல செட்டின் விலை ஏறுவதே அங்கேதான்.

ஷத்தாரில் எல்லாமே செதுக்கல். ராஜாவின் இடத்தில் நோயோன் என்ற பிரபு, பெரும்பாலும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். ராணி கிடையாது, அங்கே பெர்ஸ், சிங்கமாகவோ புலியாகவோ. யானைக்குப் பதில் தெரெக் என்ற வண்டி, பிஷப்புக்குப் பதில் தெமே என்ற ஒட்டகம். இரட்டைத் திமில் ஒட்டகம், அந்த ஊர் ஆயிற்றே! சிப்பாய்கள் சில செட்டுகளில் குழந்தைகள், சிலவற்றில் நாய்க்குட்டிகள். எனக்குப் பிடித்தது இந்த நாய்க்குட்டி வரிசைதான்: ஒரு குட்டி தலையைத் திருப்பியிருக்கும், இன்னொன்று படுத்திருக்கும்.

சரி, ஆடுவதற்கு? அங்கே ஸ்டாண்டன்தான், யோசிக்கவே வேண்டாம். ஷத்தாரில் பல செட்டுகளில் காயின் அடிப்பீடத்து நிறத்தை வைத்துத்தான் யார் பக்கம் என்று பிரித்தறிய வேண்டும். கடிகாரம் ஓடும்போது அது பெரிய தொல்லை. விதிகளும் கொஞ்சம் வேறு: பெர்ஸ் நேராக எவ்வளவு தூரமும் போகும், மூலைவாக்கில் ஒரு கட்டம் மட்டும்.

ஆனால் அலமாரியில் வைக்க, குழந்தைகளுக்குக் காட்ட, ஷத்தாரைத்தான் வாங்குவேன். வாங்கும்போது ஒட்டகங்கள் நான்கையும் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். நான்கும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அநேகமாக அது அச்சில் வார்த்தது. செதுக்கிய விலையைக் கொடுக்காதீர்கள்.