டேனியல் சுவாரெஸ்: பெரிய அணியா, புதிய அணியா?

மெக்சிகோவின் மான்டெரேயில் 1992-இல் பிறந்த ஓட்டுநர் டேனியல் சுவாரெஸின் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) வாழ்க்கையை எடைபோட, ஜோ கிப்ஸ் ரேசிங், டிராக்ஹவுஸ் ஆகிய இரு அணிகளில் அவர் ஓட்டிய காலங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே சிறந்த வழி.

கிப்ஸ் அணியில் வசதிக்குக் குறைவில்லை. அந்த அணிக்காகத்தான் அவர் 2016-இல் இரண்டாம் நிலைத் தொடரான எக்ஸ்ஃபினிட்டியில் பட்டம் வென்று, நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் வாகை சூடிய முதல் வெளிநாட்டுப் பிறப்பாளர் ஆனார். ஆனால் 2017 தொடக்கத்தில் அந்த அணியின் ஓட்டுநர் கார்ல் எட்வர்ட்ஸ் திடீரென விலகியதால், போதிய பக்குவம் பெறும் முன்பே முதல் நிலைத் தொடரான கப் தொடருக்கு உயர்த்தப்பட்டார். இரண்டு பருவங்களில் ஒரு வெற்றியும் கிட்டாத நிலையில் அந்த இடம் மற்றொரு ஓட்டுநரான மார்ட்டின் ட்ரூக்ஸ் ஜூனியருக்குச் சென்றது. அதை ஓட்டுநரின் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமன்று.

ஜஸ்டின் மார்க்ஸ் தொடங்கிய டிராக்ஹவுஸோ 2021-இல் ஒரே காருடன் களமிறங்கியது. அடுத்த ஆண்டு அறிமுகமான புதிய தலைமுறைக் காரின் பெரும்பாலான பாகங்களை எல்லா அணிகளும் பொதுவான நிறுவனங்களிடமே வாங்க வேண்டியிருந்ததால், பெரிய அணிகளின் தொழிற்கூட பலம் முன்போல் செல்லுபடியாகவில்லை. 2022 ஜூனில் சோனோமாவில் வென்ற சுவாரெஸ், 2024-இல் அட்லாண்டாவில் மூன்று கார்கள் ஏறக்குறைய ஒன்றாகப் பந்தய முடிவுக் கோட்டைத் தொட்டபோது சக ஓட்டுநர் ரயன் பிளேனியை 0.003 விநாடியில் முந்தினார்.

பட்டம் தந்தது கிப்ஸ்தான் என்றாலும், அவரை மையமாக வைத்தே கட்டப்பட்ட டிராக்ஹவுஸைத்தான் நான் மேலாக மதிப்பேன்.