ஃபைட்டர் மீன் தொட்டி வாங்கப் போகிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் கொளத்தூர்ப் பக்கம் ஒரு மீன் கடையில் 2,750 ரூபாய் கொடுத்து, ஒரு ஃபைட்டர் மீனும் அதற்கான தொட்டியும் வாங்கினேன். பதினேழாம் நாள் அந்த மீன் செத்துவிட்டது. நோய் எதுவும் வரவில்லை. கடையில் எங்கள் தலையில் கட்டிய செடிகளும் கூட்டாளி மீன்களும்தான் அதைக் கொன்றன. ஐந்தாவது படிக்கும் என் மகள் அதற்கு நீலன் என்று பெயர் வைத்திருந்தாள்.

கடைக்காரரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "மேசை மேல் வைக்கிற மாதிரி சின்னத் தொட்டி, ஒரு ஃபைட்டர், நிஜச் செடி கொஞ்சம்." அவர் ஒரு அடி தொட்டியைக் காட்டி, "இருபது லிட்டர் சார், ஃபைட்டருக்கு தாராளம்" என்றார். நானும் நம்பினேன். பிறகு வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 30 செ.மீ., அகலம் 20, உயரம் 20. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 12 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போனால் பத்து லிட்டர்தான் தேறும். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தப் பத்து லிட்டரில் அவர் என்னென்ன விட்டார் தெரியுமா? நீல ஹாஃப்மூன் (வால் அரைவட்டமாக விரியும் வகை) ஆண் ஃபைட்டர் ஒன்று. "தனியா இருந்தா போர் அடிக்கும் சார்" என்று ரோஸ் நிற விடோ டெட்ரா இரண்டு. "பாசியைத் தின்னுடும், தொட்டியே கழுவ வேண்டாம்" என்று ஒரு சக்கர் மீன். செடி நான்கு, ஒன்று 120 ரூபாய். "இன்னைக்கே தண்ணி ஊத்தி இன்னைக்கே மீன் விடலாமா?" என்று கேட்டேன். "குளோரின் போக நாலு சொட்டு மருந்து விட்டா போதும்" என்றார்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒன்று, பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட நீள இலை. இன்னொன்று, மேலே சாம்பல் கலந்த பச்சையும் அடியில் ஊதாவும் உள்ள சுருக்கம் விழுந்த இலை. மூன்றாவது, கட்டையாகப் புல் மாதிரி ஒன்று. பார்க்க அவ்வளவு அழகு. ஐந்தாம் நாள் ஊதா இலையின் அடித்தண்டு கொழகொழவென்று ஆனது. எட்டாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல் கலங்கி, மூடியைத் திறந்தால் நாற்றம் அடித்தது.

அடுத்த ஞாயிறு செம்பருத்திக் கன்று வாங்க நர்சரிக்குப் போனபோது, அதே ஊதா இலைச் செடி மண் தொட்டியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. விலை 30 ரூபாய். பெயர் ஹெமிகிராஃபிஸ். பக்கத்திலேயே அந்தக் கோடு போட்ட டிரசீனா. லக்கி பாம்பூ என்று விற்கிறார்களே, அந்த இனம். புல் மாதிரி இருந்தது மாண்டோ கிராஸ், தோட்டத்து ஓரத்தில் நடுவது. மூன்றும் நிலத்துச் செடிகள். முழுக்கத் தண்ணீருக்குள் வைத்தால் சில நாள் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு மெல்ல அழுகும். லக்கி பாம்பூவை வைத்தே தீர வேண்டுமென்றால் வேர் மட்டும் தண்ணீரில் இருந்து, இலை முழுவதும் மேலே காற்றில் நிற்க வேண்டும்.

அழுகும் இலை வெறும் அசிங்கம் மட்டும் இல்லை. இலை அழுகினாலும், மீன் கழித்தாலும், மிஞ்சிய தீனி ஊறினாலும் தண்ணீரில் அம்மோனியா சேரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். புதுத் தொட்டியில் அது கிடையாது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர் வேறு. தண்ணீரில் காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான்காவது செடி அனுபியஸ். அது நல்ல நீர்ச்செடிதான், ஃபைட்டர் தொட்டிக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் கடைப் பையன் அதன் கிழங்குத் தண்டையே கல்லுக்குள் புதைத்துக் கொடுத்தான். அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இன்னொரு நீர்ச்செடி, இரண்டுக்கும் வேர் மட்டும் உள்ளே போகலாம், தடித்த தண்டு வெளியில் இருக்க வேண்டும். புதைத்தால் அழுகும். எங்களுடையதும் அழுகியது. விற்கிறவருக்கு இதுகூடவா தெரியாது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி கூட்டாளிகள். ஒன்பதாம் நாள் நீலனின் வால் ஓரம் கிழிந்த துணி போல் இருந்தது. கடைக்குப் போட்டோ அனுப்பினேன். "வால் அழுகல் நோய் சார்" என்று சொல்லி 80 ரூபாய்க்கு மெத்திலீன் ப்ளூ பாட்டில் கொடுத்தார். ஊற்றினேன். அது செடிக்கும் ஆகாது, கொஞ்சநஞ்சம் குடியேறியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆகாது. மருந்து ஊற்ற வேண்டுமென்றால் மீனைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து ஊற்ற வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, அந்த ரோஸ் மீன் வாலைக் கடிச்சிட்டு ஓடுது." உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். விடோ டெட்ரா கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு மீனாவது சேர்ந்து இருக்க வேண்டும், நீந்த நீளமான தொட்டி வேண்டும். இரண்டை மட்டும் நெருக்கடியில் விட்டால், நீளத் துடுப்போடு மெதுவாக நகரும் ஃபைட்டரைத்தான் கொத்தும். அந்த ரோஸ் நிறமும் அதன் சொந்த நிறம் இல்லை. அந்த இனம் இயற்கையில் வெள்ளியும் கறுப்பும்தான்.

சக்கர் வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். அதாவது அந்தத் தொட்டியின் நீளத்தைவிடப் பெரிய மீன். பாசியைத் தின்பதைவிட அது கழிப்பதுதான் அதிகம். கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். நண்பர் ஒருவரின் நாலு அடி தொட்டிக்குக் கொடுத்தேன், அதுவும் தற்காலிகம்தான். யாரும் தயவுசெய்து அதை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதினேழாம் நாள் காலையில் நீலன் ஃபில்டர் ஓரம் சாய்ந்து கிடந்தான். அந்த ஃபில்டரும் தவறானது. தண்ணீரை அவ்வளவு வேகமாகத் தள்ளியதில் அவன் எப்போதும் ஒரு மூலையில் ஒதுங்கியே இருந்தான். ஃபைட்டர் மேலே வந்து காற்றை விழுங்கி சுவாசிக்கும் மீன். தாய்லாந்தின் வயல்களிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்த இனம், வேகமான நீரோட்டம் அதற்குத் தண்டனை. காற்றை சுவாசிப்பதால் சின்னக் கிண்ணத்தில்கூட வாழும் என்று சொல்லி விற்பார்கள். கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று வருடமாவது இருக்கக்கூடிய மீன் அது.

நீங்கள் வாங்கப் போனால் செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான நீர்ச்செடிகள் வெளியே வந்ததும் ஈரத் துணி போல் தொய்ந்துவிடும். விறைப்பாக நிமிர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியஸும் ஜாவா ஃபெர்னும் இதற்கு விதிவிலக்கு, நீர்ச்செடியாக இருந்தாலும் விறைப்பாகவே நிற்கும். அதனால் பெயரைக் கேட்டு, அங்கேயே போனில் படம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டும், கூடவே ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியும் போதும். நூலால் ஒரு மரக்கட்டையில் கட்டிவிட்டால் தனி உரமோ பெரிய விளக்கோ வேண்டாம்.

துணை மீன் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. இருபது லிட்டருக்குக் கீழே என்றால் ஃபைட்டர் தனியாகவே இருக்கட்டும். அதற்குப் போர் அடிக்காது, தன் எல்லையில் இன்னொரு மீன் வருவதைத்தான் அது வெறுக்கும். ஆண் கப்பியை விடலாம் என்பார்கள். அந்தப் பெரிய வண்ண வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயக்கூடும். துடுப்பைக் கொத்தும் டைகர் பார்ப் மீன் கூடவே கூடாது. இன்னொரு ஃபைட்டரைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆணோ பெண்ணோ. ஏதாவது ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒரு நெரைட் நத்தை விடுங்கள். பாசியைச் சுரண்டித் தின்னும், நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகாது.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்றரை அடி தொட்டி ஒன்று ஓடுகிறது. தண்ணீரை மெதுவாக இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், கட்டையில் கட்டிய அனுபியஸ், ஃபைட்டர் வளர்ப்பவர்கள் வழக்கமாகப் போடும் வாதாங்கொட்டை இலை இரண்டு, தெருமுனை மரத்தில் காய்ந்து விழுந்தவை. மீன் இன்னும் விடவில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை விடக்கூடாது என்று மகள் டெஸ்ட் கிட்டோடு காவல் இருக்கிறாள். செடிகளைத் தந்தவர் அதே வட்டாரத்தில் வீட்டிலேயே மீன் வளர்க்கும் ஒரு பெரியவர். எதை வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். ஊரில் நல்லவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்புறம், பில் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னபோது என் கையில் இருந்தது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அழுகிய செடியின் போட்டோக்களும்தான். எந்தச் செடி, எந்த மீன், என்ன விலை என்று எழுதிய தாள் எதுவும் இல்லை. புகார் பதிவாகியிருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.