வயர் மவுஸ் தேய்ந்துவிட்டது, அடுத்தது எது: மறுபடி வயரா, டாங்கிளா, ப்ளூடூத்தா?

பழைய வயர் மவுஸ் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பலரும் "இனி வயரே வேண்டாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பழையதில் எது போனது என்று முதலில் பாருங்கள். ஒரு முறை அழுத்தினால் இரண்டு கிளிக்காக விழுகிறதா, இழுத்துக்கொண்டு போகும் ஃபைல் பாதி வழியில் நழுவுகிறதா? அதற்கும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சுக்குள் உலோகத் தகடு தேய்ந்தோ கறுத்தோ போயிருக்கிறது. பெரும்பாலான வயர்லெஸ் மவுஸிலும் அதே மாதிரி சுவிட்ச்தான், அதுவும் ஒரு நாள் இப்படித்தான் ஆகும். கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறது என்றால் சக்கரத்தோடு இருக்கும், அது சுழல்வதை அளக்கும் என்கோடரில் தூசி அல்லது தேய்மானம். வயரை அசைத்தால் மட்டும் மவுஸ் அணைந்து அணைந்து வருகிறது என்றால்தான் வயர் உள்ளே அறுந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மவுஸிலிருந்து வெளியே வரும் அந்த வளைவில்.

ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் என் ஓட்டு மறுபடியும் வயருக்குத்தான். செல் தீராது, இணைக்கும் வேலை இல்லை, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸிலும் வேலை செய்யும். சாதாரண யூஎஸ்பி மவுஸ் வழக்கமாக நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை தன் நிலையைச் சொல்லும். கேமிங் மவுஸ் 1000 முறை. எக்ஸெல், பிரவுசர் வேலைக்கு 125 தாராளம். டெல் எம்எஸ்116, லாஜிடெக் பி100 போன்றவற்றில் இரண்டு பட்டனும் சக்கரமும் மட்டும்தான்; பின்னால் போக, முன்னால் போக பக்கவாட்டு பட்டன் பழகியவர்களுக்கு அது பெரிய குறை, அவர்கள் லாஜிடெக் ஜி102 பக்கம் போகலாம். வயர் மேஜை விளிம்பில் உரசி இழுப்பதுதான் பலருக்கு எரிச்சல். கொஞ்சம் தளர்வாக விட்டு ஒரு இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் அந்த இழுப்பு பெரும்பாலும் போய்விடும்.

டாங்கிளோடு (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையை "வயர்லெஸ் என்றாலே தாமதம்" என்று ஒதுக்குவது பழைய கதை. லாஜிடெக் ஜி304 போன்றவை வயரில் இருக்கும் அதே நொடிக்கு 1000 முறை வேகத்தில் ஓடுகின்றன, ஒரே ஒரு ஏஏ செல்லில். ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாமல் போய் நல்ல மவுஸ் மேல் பழி விழுகிறது: யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் கிளப்பும் மின் இரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழும். இன்டெலே 2012-ல் இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறது. டாங்கிளை அந்த போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் அம்புக்குறி திக்கித் திக்கி நகரும். ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் டாங்கிளை மவுஸுக்கு அருகே கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், டாங்கிள் தொலைந்தால்? லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் மாதிரி ரிசீவர்களை மட்டும் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த மவுஸ்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது, டாங்கிள் போனால் மவுஸும் போனது மாதிரிதான்.

ப்ளூடூத், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு. போர்ட் மிச்சம், தொலைக்க டாங்கிள் இல்லை, எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் போன்றவற்றை மூன்று கருவிகளில் இணைத்து ஒரு பட்டனில் மாறிக்கொள்ளலாம். கேமுக்கு வேண்டாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் பயாஸில் பொதுவாக வேலை செய்யாது, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தூங்கிப்போய் எழ ஒரு கணம் எடுக்கும். உங்கள் டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறவர்கள் வயரா வயர்லெஸ்ஸா என்று யோசிக்கும் நேரத்தில் வடிவத்தை யோசிக்கலாம். லாஜிடெக் லிஃப்ட் போன்ற செங்குத்து மவுஸ் கையை 57 டிகிரி சாய்த்து, கை குலுக்கும் நிலையில் வைக்கிறது. இடது கைக்காரர்களுக்கும் தனி மாடல் இருக்கிறது. டிராக்பால் என்றால் மவுஸ் நகராது, பந்தை மட்டும் உருட்ட வேண்டும், இடமும் குறைவு. ஆனால் கட்டை விரலில் ஏற்கெனவே வலி இருந்தால் கட்டை விரலால் உருட்டும் லாஜிடெக் எம்575 மாதிரி வேண்டாம், அதற்கு மேலும் வேலை கொடுக்கும்.

டிபிஐ (மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு) எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 8000, 12000 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும் வழக்கமான திரைக்கு 800 முதல் 1600 வரை போதும். அந்தக் கவனத்தை அளவில் காட்டுங்கள்: பெரிய கைக்கு குட்டி பயண மவுஸ் வாங்கினால் விரல்களைச் சுருக்கியே பிடிக்க வேண்டும், நாள் முழுக்க வேலை செய்பவருக்கு அது சாயங்காலமே தெரிந்துவிடும்.

சாலிடரிங் தெரிந்தவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. டபுள் கிளிக் மட்டும்தான் பிரச்சினை, கைக்குப் பழகிய வடிவத்தை விட மனமில்லை என்றால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். ஆம்ரான் டி2எஃப் வகை சுவிட்சுக்கு மூன்று கால்கள்தான். திருகுகள் பெரும்பாலும் அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், அதை உரித்தால் பழையபடி ஒட்டாது, எனவே புதுப் பட்டையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.