கிட்டாருக்கும் மேளம் கட்ட வேண்டும்: ஐந்து வருட அனுபவம்

தங்கை மகன் போன வாரம் போனில் கேட்டான். "மாமா, என் கிட்டார்ல பிக்கப் மாத்தலாமா, இல்ல வித்துட்டு வேற வாங்கிடலாமா? கையில பத்தாயிரம்தான் இருக்கு."

"சனிக்கிழமை கிட்டாரோட வாடா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் நின்றவன். பணத்தைத் தப்பான வரிசையில் செலவழித்தவன். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்; வேறு யாருக்காவது உதவும்.

என்னுடையது 2019 கடைசியில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார். ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி), கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் மூன்று, கூடவே சத்தத்தைப் பெருக்க ஒரு 10 வாட் ஆம்ப், பை, கேபிள், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். பாடியும் நெக்கும் இன்று வரை ஒரு குறையும் வைக்கவில்லை. நெக் கைக்கு அவ்வளவு இதமாக இருக்கும். என் கோபமெல்லாம் மூன்றாவது கம்பியான ஜி கம்பி மேல்தான்.

ஏழாவது ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அந்தக் கம்பியை ஒரு முழு ஸ்வரம் மேலே இழுத்துவிட்டுத் திரும்பினால், கிளம்பிய இடத்துக்கு வந்து சேராது. கொஞ்சம் இறங்கியே நிற்கும். சரி என்று கம்பியை முறுக்கும் திருகான ட்யூனரைத் திருப்பினால், சுதி காட்டும் மீட்டரில் ஊசி அசையாது, அசையாது, திடீரென்று "டிங்" என்று ஒரு சத்தம், ஊசி ஒரேயடியாகத் தாண்டிப் போய்விடும். ஒரு பாட்டுக்கு இரண்டு தடவை சுதி சேர்க்க வேண்டிய நிலை. கம்பியை இழுத்து வாசிப்பதுதான் எனக்குப் பிடித்ததே. அம்மா வீணை வாசிப்பவர். வீட்டில் கேட்டு வளர்ந்ததெல்லாம் இழுத்து வாசிக்கும் கமகம்தான். அதைச் செய்யவிடாத கிட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் பிக்கப் மாற்றினேன். 6,500 ரூபாய். பழையதில் அடியில் ஒட்டிய செராமிக் காந்தம். புதியதில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனி அல்நிகோ காந்தம். சத்தம் நன்றாகவே மாறியது. கூர்மை குறைந்து, நெக் பிக்கப்பில் மணி அடித்த மாதிரி ஒரு வட்டமான நாதம் வந்தது. நடு பிக்கப்பின் சுருளை எதிர்த்திசையில் சுற்றியிருப்பதால், அதுவும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாவது, நான்காவது ஸ்விட்ச் நிலைகளில் கரண்டு ரீங்காரமும் அடங்கியது. ஆனால் ஜி கம்பி? அப்படியே. தப்புச் சுதியை முன்பைவிடத் தெளிவாகக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனர், 2,800 ரூபாய். கம்பி மாற்றுவது ஐந்து நிமிட வேலையாகிவிட்டது, அந்த வசதியைக் குறை சொல்ல மாட்டேன். டிங் மட்டும் போகவில்லை. அதே சமயம் 9-42 என்ற மெல்லிய கம்பி செட்டிலிருந்து தடித்த 10-46க்கு மாறினேன், இன்னும் மோசமானது. காரணம் பின்னால்தான் புரிந்தது. 9 செட்டில் ஜி கம்பியின் தடிமன் 16, 10 செட்டில் 17 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). மெல்லிய கம்பிக்கே இறுக்கமாகப் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் நட்டில் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) தடித்த கம்பியைத் திணித்திருக்கிறேன். இழுக்கும்போது கம்பி நட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் வெளியே வருகிறது, விடும்போது திரும்பி உள்ளே போக வழியில்லாமல் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் சுதி இறங்கியது. நட்டுக்குப் பின்னால் கம்பியை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் உடனே சரியாகும். இரண்டு வருடம் அப்படி அழுத்தி அழுத்தியே வாசித்தேன். பென்சில் தூளைப் பள்ளத்தில் தேய்த்தால் பத்து, பதினைந்து நாள் தாங்கும். அப்புறம் பழைய கதை.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. கிட்டார் வாங்கிய இரண்டாவது வருடமே அம்மா கேட்டார்: "இதுக்கு மேளம் கட்ட ஆளே கிடையாதா?" வீணையில் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், மெழுகில் நிற்பவை. சில வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, மெழுகை எடுத்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி உட்கார வைப்பார். சின்ன வயதில் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். "இது மரத்துல பதிச்ச ஃப்ரெட் அம்மா, இதுக்கெல்லாம் தேவையில்ல" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் 2023இல் ஒரு கிட்டார் ரிப்பேர் அண்ணனிடம் கொண்டுபோனேன். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜி கம்பியின் ட்யூனரைக் கால் சுற்று திருப்பினார். டிங். "நட்டு தம்பி" என்றார். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட் மேல் தட்டிக் காட்டினார். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதுமாம். என்னுடையதில் விசிட்டிங் கார்டு இரண்டு நுழைந்திருக்கும். பழையதைத் தட்டிக் கழற்றிவிட்டு, எலும்பு நட் ஒன்றை வைத்து, ஆறு கம்பிக்கும் ஆறு விதமான மெல்லிய அரத்தால் பள்ளம் வெட்டினார். இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருப்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டரை மில்லிமீட்டர் நின்ற கம்பி உயரத்தை 1.7க்கு இறக்கி, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, எல்லா ஃப்ரெட்டிலும் சுதி சரியாக வரும்படி இன்டொனேஷன் பார்த்தார். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்.

வீட்டுக்கு வந்து முதலில் பிடித்தது எஃப் கார்டு, ஆள்காட்டி விரலால் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டியது. விரல் வைத்ததும் ஆறு கம்பியும் பேசின! நான்கு வருடமாக என் ஆள்காட்டி விரலுக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நட் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை அதிக தூரம் அழுத்த வேண்டும். கையும் வலிக்கும், சுதியும் ஏறிப்போகும். ஆரம்பத்தில் எஃப் கார்டோடு சண்டை போட்டுக் கிட்டாரைப் பரண் மேல் ஏற்றியவர்கள் எத்தனை பேர்! அதில் பாதிப் பேருக்கு விரலில் ஒரு குறையும் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். சரியாக வெட்டிய நட்டைப் போட்டு அனுப்பக் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகிவிடும்? இதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஆம்ப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட வந்த ஆம்ப் கையடக்கப் பெட்டி. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் தேனீக்கூடு. செகண்ட் ஹாண்டில் பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 ஆம்ப் வாங்கினேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். பவரை 50, 25, 0.5 வாட் என்று மாற்றிக்கொள்ளலாம். அந்த அரை வாட் நிலைதான் அபார்ட்மென்ட்டில் இருப்பவனுக்கு வரம். இரவு பத்து மணிக்கு மேலும் பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படாமல் வாசிக்கிறேன். பதினோரு கிலோவுக்கு மேல் கனம், மாடிப்படியில் தூக்கும்போது மட்டும் தெரியும். சத்தத்தை மாற்றும் பெடல் எதுவும் தனியாக வாங்கும் எண்ணமே வரவில்லை.

கணக்குப் பார்த்தால், ஆம்ப் நீங்கலாக, 14,500 ரூபாய் செட்டில் வந்த கிட்டாருக்கு மேலும் 11,100 போட்டிருக்கிறேன். விற்கப்போனால் ஐயாயிரம் தருவார்களா என்பதே சந்தேகம். போன ஞாயிற்றுக்கிழமை கேபிள் சொருகும் ஜாக் கையோடு வந்துவிட்டது, நானே சால்டர் வைத்தேன். ஏசி போடும் மாதங்களில் ஃப்ரெட் போர்டு காய்ந்து சுருங்குவதால் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கீறுகின்றன. சுதி இப்போது நிற்கிறது, சத்தம் அருமை, இதைவிட விலை கூடிய கிட்டார் வைத்திருக்கும் நண்பரே இதைக் கேட்டு வாங்கி வாசிக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, இந்த மாடலை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எனக்குப் போன நான்கு வருடம் போனதுதான். நான் மட்டும் இதை விற்க மாட்டேன்.

சனிக்கிழமை அவன் வரட்டும். பிக்கப் இருக்கட்டும், முதலில் ஜி ட்யூனரைக் கால் சுற்று திருப்பிக் கேட்கப் போகிறேன். டிங் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த அண்ணனிடம். அவன் பத்தாயிரத்தில் மீதி எட்டாயிரம் அப்படியே இருக்கும், ஆம்ப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.