மைக்ரோகோட்: பயாஸ் வழியா, லினக்ஸ் வழியா?

ஹட்டனில் எங்கள் டியூஷன் வகுப்பில் இருப்பவை எல்லாம் கொழும்பிலிருந்து வந்த பாவித்த கம்பியூட்டர்கள். நான்காம் தலைமுறை இன்டெல், அதாவது ஹாஸ்வெல். அவற்றின் ப்ராசஸருக்குப் புதிய மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் சிறு நிரல், அதன் பிழைகளைத் திருத்த இன்டெல் புதிது புதிதாக வெளியிடும்) போட இரண்டு வழி இருந்தது: மதர்போர்டின் பயாஸையே, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராமையே, திரும்ப எழுதுவது, அல்லது பயாஸைத் தொடாமல் அந்த வேலையை லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் விடுவது. நான் லினக்ஸிடம் விட்டேன். இந்த ஊரில் இருக்கும்வரை அப்படித்தான் செய்வேன்.

மைக்ரோகோட் ப்ராசஸருக்குள் தங்குவதில்லை, கரண்ட் நின்றால் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பயாஸ் தன்னிடம் உள்ளதை ஏற்றுகிறது. பிறகு லினக்ஸ் வந்து, தன்னிடம் அதைவிடப் புதியது இருந்தால் மட்டும் ஏற்றுகிறது. பயாஸ் வழியில் சற்று முன்னதாகவே வேலை நடந்துவிடும், அது அதற்குச் சாதகம்தான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது கரண்ட். பயாஸ் எழுதும்போது போர்டில் உள்ள எட்டுக்கால் சிப்பில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் கரண்ட் போனால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. லக்ஷபான மின்நிலையம் பக்கத்தில் இருந்தென்ன, ஐப்பசி மாலையில் இடி மின்னலோடு ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் டவுனே இருட்டுதான். யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். பேட்டரி பழசானால் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பது கரண்ட் போகும்போதுதான் தெரியும். செத்த சிப்பை உயிர்ப்பிக்க சிஎச்341ஏ மாதிரி ஒரு ப்ரோகிராமர் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி), சிப்பைக் கவ்வும் கிளிப், அந்தப் போர்டுக்கே உரிய ஃபைல், இதெல்லாம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். நமக்கு அது கொழும்புக்கு பஸ்ஸில் போகும் பார்சல். பயாஸ் கெட்டாலும் யூஎஸ்பியிலிருந்து திரும்ப எழுதவிடும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் இந்தப் பயம் குறைவு, ஆனால் ஆபீஸ்களில் பாவித்துக் கழித்த கம்பியூட்டரில் அதைத் தேட வேண்டாம்.

லினக்ஸ் வழியில் நடுவில் கரண்ட் போனால் அதிகபட்சம் லினக்ஸைத் திரும்பப் போட வேண்டிவரும். போர்டுக்கு ஒன்றும் ஆகாது. உபுண்டு என்ற லினக்ஸில் இன்டெல்-மைக்ரோகோட் பேக்கேஜைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ப்ராசஸர் விவரத்தில் 0எக்ஸ்24 என்று இருந்த மைக்ரோகோட் பதிப்பு எண் 0எக்ஸ்28 ஆனது. எங்கள் போர்டுக்குக் கடைசி பயாஸ் 2018இல் வந்தது. ஹாஸ்வெல்லுக்கோ இன்டெல் 2020 ஜூனில்கூட மைக்ரோகோட் தந்தது. பயாஸை மட்டும் நம்பியிருந்தால் அது நமக்குக் கிடைத்தே இருக்காது.

பின்வாங்குவதும் சுலபம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்காக வந்த மைக்ரோகோட்டால் ஹாஸ்வெல், அதற்கு அடுத்த தலைமுறையான பிராட்வெல் கம்பியூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கி, 22ஆம் தேதி இன்டெலே அதைப் போட வேண்டாம் என்றது. பேக்கேஜ் என்றால் பழையதைப் போட்டு ஆஃப் செய்து ஆன் செய்தால் முடிந்தது. பயாஸ் என்றால் இன்னொரு முறை எழுத வேண்டும், அதுவும் அந்த போர்டு பழைய பதிப்புக்குப் போக விட்டால்.

பயாஸ் ஃபைலுக்குள் மைக்ரோகோட்டை நாமே செருகும் வித்தையும் உண்டு. ப்ரோகிராமர் கையில் இருப்பவர்கள் விளையாடட்டும். விண்டோஸும் மைக்ரோகோட் ஏற்றும், ஆனால் எதை எப்போது என்பது மைக்ரோசாஃப்ட் கையில். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ப்ராசஸரில் நான் இதைச் செய்ததில்லை, ஆகவே மேலே சொன்னதெல்லாம் இன்டெலுக்கு மட்டும்.

இன்டெலிலும் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். அங்கே பயாஸ்தான். அதிக வோல்டேஜ் கேட்டு ப்ராசஸரே கெட்டுப்போகும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று வந்தவற்றை பயாஸ் வழியாகப் போடச் சொன்னது இன்டெல். காலையில், வானம் தெளிவாக இருக்கும்போது, புது பேட்டரி போட்ட யூபிஎஸ்ஸோடு செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டதை இது சரிசெய்யாது. அந்த ஐ7, ஐ9 ஒன்றைப் பாவித்ததாக வாங்குவதென்றால், இன்டெல் இரண்டு வருடம் நீட்டித்துக் கொடுத்த வாரண்டி அதற்கு மிச்சம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.