கலர் லேசரில் போட்டோ: எது தேறும், எது தேறாது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கலர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் நாலு டோனர் (நிறப்பொடி) ஏ4 லேசர் மெஷின்கள் ஆபீஸ் வேலைக்கென்று செய்தவை. அதில் போட்டோவைப் பிரிண்ட் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஸ்டுடியோ பிரிண்டை மட்டும் எதிர்பார்க்கக்கூடாது.

ஒகேனக்கல் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே மெஷினின் குணம் தெரிந்துவிடும். பரிசலும் சட்டை நிறங்களும் பளிச்சென்று வரும். ஈரப்பாறையின் நிழல் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அருவி நுரையின் ஓரம் மெல்லக் கரையாமல் திடீரென்று வெறும் தாளாகிவிடும். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். டோனர் பொடி என்பதால் மையைப் போல நீர்த்துப்போகச் செய்து வெளிர் நிறம் காட்ட முடியாது. புள்ளியைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும்தான் சாயல் காட்ட வேண்டும். 4×4 கட்டத்தில் 16 புள்ளி, வெறும் தாளையும் சேர்த்தால் 17 சாயல். லேசர் துடிப்பை நீட்டிக் குறைத்து இடைப்பட்ட சாயல்களை மெஷின் சமாளிக்கிறது.

பாதி வேலை தாளில்தான் இருக்கிறது. சாதா 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் படம் சோகை பிடித்த மாதிரி இருக்கும். லேசருக்கு என்று அச்சிட்டிருக்கும் 130 முதல் 160 ஜி.எஸ்.எம். கோட்டிங் தாள் வாங்குங்கள். மெஷின் எவ்வளவு கனம் தாங்கும் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முழு மேட் தாளில் கறுப்பு மட்டும் மினுமினுக்கும், வெள்ளை மங்கும். லேசான பளபளப்புள்ள தாள்தான் நமது தேர்வு. இங்க்ஜெட் போட்டோ பேப்பரை மட்டும் தவறியும் வைக்காதீர்கள். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பாகமான பியூசரின் சூடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். தாளின் பிளாஸ்டிக் பூச்சு உருகி அதில் சுற்றிக்கொண்டால் பியூசரையே மாற்ற வேண்டி வரும்.

தாளை மேனுவல் ஃபீடில் (கையால் தாள் செருகும் வழி) ஒவ்வொன்றாக வையுங்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டர் டிரைவர் செட்டிங்கில் பேப்பர் டைப்பை 'கிளாசி' அல்லது 'ஹெவி' என்று மாற்றுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். 'பிளெயின்' என்றே விட்டால் தாள் வேகமாக ஓடிவிடும், டோனர் சரியாக உருகாது. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தால் காரணம் இதுதான். டோனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் திரையில் தெரிவதைவிட பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், மொத்த பிரைட்னஸைத் தொட்டால் வானம் வெளுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த பாக்கெட்டைத் திறந்தே வைத்தால் தாள் ஈரம் இழுக்கும். பிரிண்டில் திட்டுத் திட்டாக வரும், கோட்டிங்கில் கொப்புளமும் எழும். ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலால் அளந்து பாருங்கள்: மெஷினுக்குள் படம் உருவாகும் உருளையான டிரம் 30 மி.மீ. விட்டமுள்ளது என்றால் இடைவெளி சுமார் 94 மி.மீ. இருக்கும். கணக்கு ஒத்துவந்தால் டிரம்மைப் பாருங்கள்.

மாம்பழப் பெட்டி லேபிள், பள்ளி சார்ட், ஐ.டி. கார்டு, கடைக் கேட்டலாக்: இவற்றுக்கு லேசர்தான் சரி, தண்ணீர் பட்டாலும் சாயம் ஓடாது. மடிக்கிற இடத்தில் மட்டும் டோனர் விரிசல் விடும். கல்யாண ஆல்பத்துக்கு வேண்டாம். அப்படியும் எடுத்தால் பி.வி.சி. கவருக்குள் சொருகாதீர்கள், வெயில் காலத்தில் டோனர் கவரோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது முகமும் சேர்ந்து வந்துவிடும்.